சுவிசேஷங்களில் வரும் சுகமளித்தல்: நடந்ததா, அடையாளமா, அத்தைக்கு ஏன் நடக்கவில்லை?

நீங்கள் கேட்டிருப்பது ஒரே கேள்வி மாதிரி தெரிந்தாலும் உள்ளே மூன்று இருக்கின்றன. இயேசு நோயாளிகளைக் குணமாக்கினார் என்று சுவிசேஷங்களில் வருவது நிஜமாகவே நடந்ததா, இல்லை வேறெதையோ சொல்ல வந்த கதையா என்பது ஒன்று. நடந்தது என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்பது அடுத்தது. மூன்றாவதைக் கடைசி இரண்டு வரியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள், ஆனால் உங்கள் கேள்வியே அதுதான் என்று எனக்குப் படுகிறது. பக்கவாதம் வந்து இரண்டு வருஷமாகப் படுத்திருக்கும் உங்கள் அத்தையிடம், ஜெபிக்க வந்தவர்கள் “உங்களுக்கு விசுவாசம் பத்தலை” என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார்கள், அன்றிலிருந்து அத்தை யாரிடமும் சரியாகப் பேசுவதில்லை, அவர்கள் சொன்னது வேதத்தின்படி சரியா என்று கேட்கிறீர்கள். சரியில்லை. ஏன் சரியில்லை என்று சொல்லக் கொஞ்சம் சுற்றித்தான் வரவேண்டும்.

என்னைப் பற்றி ஒரு வரி. இறையியல் கல்லூரியில் இருபது வருஷத்துக்கு மேல் புதிய ஏற்பாடு நடத்தியவன், அதற்கு முன்னால் ஐந்து வருஷம் ஒரு மருத்துவமனையில் சாப்ளினாக, அதாவது நோயாளிகளுக்கு ஆறுதல் சொல்லி ஜெபிக்கும் ஊழியனாக, இருந்தேன். விசுவாசிதான், அதை மறைக்கவில்லை. ஆனால் வகுப்பில் மாணவர்களிடம் சொல்வதையே இங்கும் சொல்கிறேன்: நாம் நம்புவது வேறு, வரலாறாக நிறுவ முடிவது வேறு, பிரதி என்ன சொல்கிறது என்பது வேறு. இந்த மூன்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டுவதால்தான் பாதிச் சண்டை வருகிறது.

உறுதியாகச் சொல்லக்கூடியதை முதலில் சொல்லிவிடுகிறேன். இயேசு தம் காலத்திலேயே நோய் தீர்ப்பவர், பேய் விரட்டுபவர் என்று பெயர் எடுத்திருந்தார். இதைக் கடவுள் நம்பிக்கை இல்லாத வரலாற்று ஆய்வாளர்களிலும் பெரும்பாலானோர் ஒத்துக்கொள்கிறார்கள். மாற்கு சுவிசேஷத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு வசனங்கள் அற்புதங்களைப் பற்றியவை என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், எதிராளிகள் பேசிய விதம் அதைவிடப் பலமான சாட்சி. மாற்கு 3-இல் எருசலேமிலிருந்து வந்த வேதபாரகர் (யூத வேத அறிஞர்கள்), “இந்த ஆள் ஒன்றும் செய்யவில்லை, எல்லாம் பித்தலாட்டம்” என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பேய்களின் தலைவனான பெயெல்செபூலை வைத்துக்கொண்டு செய்கிறான் என்றுதான் சொல்கிறார்கள். யூத மதப் போதகர்களான ரபிகளின் மரபைத் தொகுத்த பிற்காலத்து பாபிலோனியத் தல்மூத்தும் அவர் சூனியம் செய்ததற்காகக் கொல்லப்பட்டார் என்கிறது. முதல் நூற்றாண்டின் கடைசியில் எழுதிய யூத வரலாற்றாசிரியர் யோசேபு அவரை வியக்கத்தக்க செயல்கள் செய்தவர் என்கிறார். அந்தப் பத்தியில் பின்னால் வந்த கிறிஸ்தவர்கள் கை வைத்திருக்கிறார்கள் என்பது தெரிந்த விஷயம், ஆனாலும் இந்தச் சொற்கள் மட்டும் யோசேபுவுடையவை என்று பலர் கருதுகிறார்கள். ஆக, ஏதோ செய்தார் என்பதில் நண்பருக்கும் பகைவருக்கும் தகராறு இல்லை, யாருடைய பலத்தில் செய்தார் என்பதில்தான் தகராறு.

இன்னொன்றும் உறுதி. அவர் மட்டும்தான் இப்படிச் செய்தார் என்று அந்தக் காலத்தில் யாரும் நினைக்கவில்லை. கலிலேயாவிலேயே ஹனினா பென் தோசா என்று ஒரு ரபி, தூரத்தில் இருந்துகொண்டே ஜெபித்து கமாலியேலின் மகனுக்குக் காய்ச்சலை நீக்கினார் என்று தல்மூத்தில் கதை உண்டு. கிரேக்க தேசத்தில் எபிதாவ்ரஸ் என்ற ஊரில் நோய் தீர்க்கும் தெய்வமான அஸ்கிளேபியஸின் கோயிலில் படுத்துத் தூங்கிக் குணமானவர்களின் கதைகள் கல்வெட்டாகவே இருக்கின்றன, அவை இயேசுவுக்கு முந்நூறு வருஷத்துக்கும் முந்தையவை. வெஸ்பாசியன் ரோமப் பேரரசர் ஆன புதிதில், அலெக்ஸாந்திரியாவில் ஒரு குருடனின் கண்ணில் எச்சில் பூசிப் பார்வை கொடுத்தார் என்று ரோம வரலாற்றாசிரியர் தாசித்துஸ் எழுதியிருக்கிறார். அது ஏறக்குறைய 70ஆம் ஆண்டு, மாற்கு எழுதப்பட்டதும் அதே காலத்தை ஒட்டித்தான். அதனால் “அற்புதம் செய்தார், ஆகவே கடவுள்” என்ற வாதம் அந்தக் காலத்து ஆளிடமே எடுபட்டிருக்காது. “சரி, பேரரசர்கூடத்தான் செய்தார், அதனால் என்ன?” என்று கேட்டிருப்பான்.

சந்தேகம் ஆரம்பிக்கும் இடம் இதற்குப் பிறகு. ஒவ்வொரு சம்பவமும் எழுதியிருக்கிற அதே விதமாக நடந்ததா என்பதை வரலாற்று ஆய்வால் நிறுவவும் முடியாது, இல்லை என்று அடித்துச் சொல்லவும் முடியாது. என்ன நோய் என்பதுகூடப் பல இடங்களில் ஊகம்தான். மாற்கு 9-இல் வரும் பையன் நுரைதள்ளி, பல்லைக் கடித்து, விறைத்துப்போகிறான். ஆஸ்பத்திரியில் வேலை பார்த்த யாருக்கும் வலிப்பு என்றுதான் தோன்றும், எனக்கும் அப்படித்தான். ஆனால் மாற்கு அதை அசுத்த ஆவி என்கிறார், மத்தேயுவில் தகப்பன் சந்திரரோகம் என்கிறான், கிரேக்கத்திலும் அந்தச் சொல்லில் நிலா இருக்கிறது. குஷ்டரோகமும் அப்படியே. ஹான்சன் என்ற நார்வே மருத்துவர் 1873-இல் கிருமியைக் கண்டுபிடித்த தொழுநோயும், பழைய ஏற்பாட்டில் லேவியராகமம் 13, 14 அதிகாரங்கள் பேசுவதும் ஒன்றேதான் என்று சொல்ல முடியாது. அங்கே துணிக்கும் வீட்டுச் சுவருக்கும்கூடக் குஷ்டம் வருகிறது! தோலிலும் பரப்பிலும் தெரியும் பலவித மாற்றங்களுக்கு அது பொதுப்பெயர். தமிழ் பைபிளில் குஷ்டரோகம் என்று படித்ததும் நம் மனதில் வரும் உருவம், கலிலேயாவில் இயேசுவின் முன்னால் முழங்கால்படியிட்டவனின் உருவமாக இல்லாமலும் இருக்கலாம்.

இனி அர்த்தத்துக்கு வருகிறேன். எனக்கு இதுதான் சுவையான பகுதி, கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாம் அற்புதம் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிடுவதை முதல் மூன்று சுவிசேஷங்களும் பெரும்பாலும் துனாமிஸ் என்கின்றன, பழைய தமிழ் பைபிள் மொழிபெயர்ப்பில் பலத்த செய்கை என்று வருவது. யோவான் அந்தச் சொல்லைத் தொடுவதே இல்லை. அவருக்கு எல்லாம் செமெயோன், அடையாளம். அடையாளம் என்றால் எதையோ சுட்டிக்காட்ட நிற்கும் பலகை. மதுரை 40 கிலோமீட்டர் என்று எழுதிய கல்லைக் கட்டிக்கொண்டு அங்கேயே குடியிருப்பவரை என்ன சொல்வோம்? அதனால்தான் யோவானில் அடையாளத்தைப் பார்த்து மட்டும் நம்புகிறவர்களிடம் இயேசுவுக்கு ஒரு சலிப்பு தெரிந்துகொண்டே இருக்கிறது.

அதைவிட முக்கியமான சொல் சோஸோ. அதற்குக் காப்பாற்று என்றும் பொருள், நோயிலிருந்து மீட்டுக் குணமாக்கு என்றும் பொருள். இரண்டையும் சேர்த்துச் சொல்ல நம்மிடம் ஒற்றைச் சொல் இல்லாததால் மொழிபெயர்ப்பாளர்கள் ஒவ்வொரு தடவையும் ஒரு பக்கம் சாயவேண்டியிருக்கிறது. பழைய மொழிபெயர்ப்பில் பெரும்பாடுள்ள (தீராத உதிரப்போக்குள்ள) ஸ்திரீயிடமும், குருடன் பர்திமேயுவிடமும், பரிசேயன் வீட்டில் அழுதபடி கால்களைக் கண்ணீரால் நனைத்த பெண்ணிடமும் ஒரே வாக்கியம்தான்: “உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது.” அந்த மூன்றாமவளுக்கு நோய் எதுவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். கத்தோலிக்கர் வாசிக்கும் பொது மொழிபெயர்ப்பில் நோயாளிகளிடம் நலமாக்கிற்று, குணமாக்கிற்று என்றும் இந்தப் பெண்ணிடம் மீட்டது என்றும் பிரிந்துவிடுகிறது. இரண்டும் பிழையில்லை, ஆனால் பிரிக்கும்போது எழுதியவர் வேண்டுமென்றே கட்டிய முடிச்சு அவிழ்ந்துபோகிறது.

அந்தப் பெரும்பாடுள்ள பெண்ணின் கதையை நிதானமாகப் பாருங்கள், மாற்கு 5. ஜெப ஆலயத் தலைவன் யவீரு வந்து, என் மகள் சாகக் கிடக்கிறாள், வாருங்கள் என்று காலில் விழுகிறான். கூட்டம் நெருக்கித் தள்ளுகிறது. பன்னிரண்டு வருஷமாக உதிரப்போக்கு உள்ள ஒருத்தி, வைத்தியர்களிடம் கையிலிருந்ததையெல்லாம் கொட்டியும் நோய் அதிகமானதுதான் மிச்சம் என்ற நிலையில், பின்னால் வந்து வஸ்திரத்தைத் தொடுகிறாள். அந்த நொடியே இரத்தம் நின்றுவிடுகிறது, குணமானதைத் தன் உடம்பிலேயே உணர்கிறாள் என்கிறார் மாற்கு. கதை இங்கேயே முடிந்திருக்கலாம். மருத்துவக் கணக்கில் வேலை ஆகிவிட்டது, அவசர கேஸ் வேறு காத்திருக்கிறது. ஆனால் இயேசு நின்று, “என் வஸ்திரத்தைத் தொட்டது யார்?” என்று கேட்கிறார். இவ்வளவு நெரிசலில் யார் தொட்டது என்று கேட்கிறீரே என்று சீஷர்கள் எரிச்சல்படுகிறார்கள். யவீரு பக்கத்தில் நிற்கிறான், அவன் மனசு என்ன பாடுபட்டிருக்கும். அவள் நடுங்கிக்கொண்டு வந்து எல்லா உண்மையையும் சொல்லும்வரை இயேசு நகரவில்லை. அதற்குப் பிறகுதான் ‘மகளே’ என்று கூப்பிட்டு, உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது என்கிறார், கூடவே வேறொரு சொல்லால் சுகமாயிரு என்றும் சொல்கிறார். இரத்தம் நின்றது முன்பே. இரட்சிப்பு என்ற சொல் வருவது எல்லோர் முன்னிலையிலும் அவள் பேசி முடித்த பிறகு. திருட்டுத்தனமாக வந்தவளை ஊரறிய மகள் ஆக்கி அனுப்புகிறார். ஒருத்தன் மகளுக்காக ஓடிய வழியில் அப்பன் பெயரே சொல்லப்படாத ஒருத்தி மகள் ஆகிறாள், அந்தச் சிறுமிக்கு வயதும் பன்னிரண்டு. மாற்கு கதைசொல்லி, தற்செயலாக எதையும் வைப்பவர் இல்லை.

இந்த இடத்தில் பிரசங்கங்களில் அடிக்கடி கேட்கும் ஒரு தப்பைத் திருத்திவிடுகிறேன், நானே முதல் சில வருஷங்கள் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். யூத மதம் அவளைத் தீட்டு என்று துரத்தியது, இயேசு அதை உடைத்தார் என்பார்கள். லேவியராகமம் 15-இல் தீட்டு விதி இருப்பது உண்மை. ஆனால் தீட்டு பாவம் இல்லை, அது எல்லோருக்கும் மாறிமாறி வரும் நிலை, மேலும் மாற்கு அந்தக் கதையில் தீட்டு என்ற பேச்சையே எடுக்கவில்லை, அவளைக் கண்டு யாரும் விலகி ஓடவும் இல்லை. அவர் சொல்வது நோயையும் வறுமையையும்தான். முதல் அதிகாரத்தில் குஷ்டரோகியைத் தொட்டுச் சுத்தமாக்கியவுடன், போய் ஆசாரியனிடம் (யூதக் கோயில் குருவிடம்) காட்டு, மோசே சொன்ன காணிக்கையைச் செலுத்து என்று அனுப்புகிறார். மோசேயின் சட்டமான நியாயப்பிரமாணத்தை உடைக்க வந்தவர் பேசும் பேச்சா அது? ஆசாரியன் பார்த்துச் சொன்னால்தான் அந்த ஆள் தன் ஊருக்கு, தன் வீட்டுக்குத் திரும்பமுடியும். அதுவரை தோல் சரியாகியும் பிரயோஜனமில்லை.

இதை வைத்துத்தான் சில ஆய்வாளர்கள், இயேசு உடம்பின் வியாதியைக் குணமாக்கவில்லை, அந்த வியாதியால் வந்த ஒதுக்கலைத்தான் நீக்கினார் என்று சொல்கிறார்கள். எனக்கு அது பாதிதான் சரி. சாப்ளினாக வார்டு வார்டாகச் சுற்றியவன் என்ற முறையில் ஒதுக்கல் எவ்வளவு பெரிய நோய் என்று எனக்குத் தெரியும். ஆனால் சுவிசேஷங்களை எழுதியவர்கள் உடம்பு மாறியது என்றுதான் நினைத்தார்கள், அதைத்தான் எழுதினார்கள். நமக்குச் சங்கடமாக இருக்கிறது என்பதற்காக அவர்கள் வாயில் நம் கருத்தைத் திணிக்கக்கூடாது.

இப்போது அத்தையின் விஷயம். குணமாவதற்கு நோயாளியின் விசுவாசம் நிபந்தனை என்றால் சுவிசேஷங்களே அந்தப் பரீட்சையில் தோற்றுப்போகும். பெதஸ்தா குளத்தங்கரையில் 38 வருஷமாகக் கிடந்தவனுக்குத் தன்னைக் குணமாக்கியவர் யாரென்றே தெரியாது, யோவான் 5:13-இல் நேராகவே எழுதியிருக்கிறது. பிறவிக்குருடன் எதையும் கேட்கவே இல்லை. கூரையைப் பிரித்து இறக்கப்பட்ட திமிர்வாதக்காரன் (பக்கவாதம் போல உடம்பு செயலிழந்தவன்) விஷயத்தில் இயேசு பார்த்தது ‘அவர்கள் விசுவாசத்தை’, தூக்கிவந்த நாலு பேரும் அதில் சேர்த்தி. யவீருவின் மகள் செத்துக் கிடந்தாள், அவளிடம் என்ன விசுவாசம் கேட்பது. இயேசுவைப் பிடிக்க வந்த கும்பலில் காது அறுபட்டவனையும் தொட்டுக் குணமாக்கினார் என்கிறார் லூக்கா. அப்புறம் அந்த வலிப்புப் பையனின் தகப்பன், “விசுவாசிக்கிறேன் ஆண்டவரே, என் அவிசுவாசம் நீங்கும்படி உதவிசெய்யும்” என்று கதறுகிறான். பத்தாத விசுவாசத்தை இதைவிட வெளிப்படையாக ஒத்துக்கொள்ள முடியாது. போய் இன்னும் கொஞ்சம் விசுவாசத்தோடு வா என்று அவனைத் திருப்பி அனுப்பவில்லை. உன் விசுவாசம் உன்னை இரட்சித்தது என்ற வாக்கியம் வரும் இடங்களையெல்லாம் பாருங்கள், எல்லாம் முடிந்தபின்னோ முடிகிற நொடியிலோ பெருமையை அந்த எளிய ஆள் பக்கம் தள்ளிவிடும் வாக்கியம். குணமாகாத ஒருவரைப் பார்த்து, உனக்கு விசுவாசம் இல்லை, அதனால்தான் ஆகவில்லை என்று இயேசு சொன்ன இடம் நாலு சுவிசேஷத்திலும் ஒன்றுகூட இல்லை.

நேர்மையாக எதிர்த்தரப்பையும் சொல்லவேண்டும். மாற்கு 6:5, 6-இல், இயேசுவின் சொந்த ஊரான நாசரேத்தில் அவரால் பலத்த செய்கை எதுவும் செய்ய முடியவில்லை, அவர்களுடைய அவிசுவாசத்தைப் பார்த்து ஆச்சரியப்பட்டார் என்று வருகிறது. ‘முடியவில்லை’ என்பது மத்தேயுவுக்கே உறுத்தியிருக்கிறது, அவர் அதை ‘அநேக அற்புதங்களைச் செய்யவில்லை’ என்று மாற்றிவிட்டார். உங்கள் அத்தையிடம் வந்தவர்கள் இந்த வசனத்தைக் காட்டினாலும் காட்டுவார்கள். ஆனால் அங்கே அவிசுவாசம் யாருடையது? நம்ம தச்சன்தானே, மரியாளின் மகன்தானே என்று உதட்டைப் பிதுக்கிய ஊர்க்காரர்களுடையது, படுக்கையில் கிடந்தவர்களுடையது இல்லை. அந்த ஊரிலும் சில நோயாளிகள்மேல் கைவைத்துக் குணமாக்கினார் என்று அதே 6:5 சொல்கிறது.

பாவத்துக்கும் நோய்க்கும் முடிச்சுப்போடுவதும் இதே வகைதான். பிறவிக்குருடனைக் காட்டி, யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, இவனும் இல்லை இவனைப் பெற்றவர்களும் இல்லை என்று பதில் வந்தது. பெதஸ்தா ஆளிடம் மட்டும் இனிப் பாவம் செய்யாதே என்கிறார், அது எனக்கு இன்றும் இடறும் வசனம், அதை வழவழவென்று பூசி மெழுக எனக்கு விருப்பமில்லை. ஆனாலும் ஒரு வசனத்தை வைத்து ஒரு நோயாளியைக் குற்றவாளியாக்க முடியாது.

ஏன் எல்லோருக்கும் நடப்பதில்லை என்பதற்கு என்னிடம் முழுப் பதில் கிடையாது, புதிய ஏற்பாட்டிலும் கிடையாது. ஆனால் நடக்காமல் போனவர்கள் அதற்குள்ளேயே இருக்கிறார்கள். சிறையிலிருந்து யோவான் ஸ்நானகன் ஆள் அனுப்பி, வருகிறவர், அதாவது நாங்கள் காத்திருக்கும் மீட்பர், நீர்தானா என்று கேட்கிறான். குருடர் பார்க்கிறார்கள், சப்பாணிகள் நடக்கிறார்கள், மரித்தோர் எழுந்திருக்கிறார்கள் என்று பழைய ஏற்பாட்டுத் தீர்க்கதரிசி ஏசாயாவின் வரிகளிலேயே பதில் போகிறது. அதே ஏசாயா 61-இல் கட்டுண்டவர்களுக்கு விடுதலை என்றும் ஒரு வரி உண்டு, அந்த வரியை மட்டும் இயேசு சொல்லி அனுப்பவில்லை. ஏரோது அரசன் வெட்டச்சொல்லி, யோவானின் தலை தட்டில் வந்தது. அப்போஸ்தலன் பவுல் தன் மாம்சத்திலிருந்த முள் என்று சொன்ன வேதனையை நீக்கும்படி மூன்று தரம் வேண்டியும் நீங்கவில்லை. தன்னோடு பயணம் செய்த துரோப்பீமுவை மிலேத்து ஊரில் வியாதியாகவே விட்டுவிட்டு வந்ததாக 2 தீமோத்தேயு சொல்கிறது. தீமோத்தேயுவின் வயிற்றுக்கோளாறுக்குக் கிடைத்த யோசனை கொஞ்சம் திராட்சரசம் குடி என்பது, விசுவாசத்தைக் கூட்டு என்பது இல்லை.

வகுப்பில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். பார்வையில்லாத மாணவர் ஒருவர் இருந்தார். பர்திமேயு பாடம் நடத்தும்போது, “ஐயா, ஒவ்வொரு தடவையும் இந்தக் கதையில் என்னைப் போல ஒருவன் மாறினால்தான் கதை முடிகிறது, நான் இப்படியே இருந்தால் உங்கள் கதையில் எனக்கு எங்கே இடம்?” என்று கேட்டார். எனக்கு உடனே பதில் வரவில்லை. அடுத்த வகுப்பில் இரண்டு விஷயம் பேசினோம். பர்திமேயுவிடம் இயேசு முதலில் கேட்டது, “நான் உனக்கு என்ன செய்யவேண்டும் என்றிருக்கிறாய்” என்று. குருடனுக்கு என்ன வேண்டும் என்று தெரியாதா, ஆனாலும் அவனையே கேட்கிறார். அதே அதிகாரத்தில் சற்று முன்னால் சீஷர்களான யாக்கோபிடமும் யோவானிடமும் கிட்டத்தட்ட அதே கேள்வியைக் கேட்டிருக்கிறார், கண்ணிருந்த அவர்கள் இருவரும் வலப்பக்கமும் இடப்பக்கமும் நாற்காலி கேட்டார்கள். இரண்டாவது விஷயம், உயிர்த்தெழுந்த இயேசுவின் உடம்பில் ஆணி பாய்ந்த காயம் அப்படியே இருந்தது, சந்தேகப்பட்ட சீஷன் தோமாவுக்குக் காட்டினார். முழுமையான உடம்பு என்றால் தழும்பில்லாத உடம்பு என்று அதைச் சொல்லும் யோவான் சுவிசேஷம் நினைக்கவில்லை. அந்த மாணவர் இதற்கெல்லாம் திருப்தியாகவில்லை, “பாதி மார்க்தான் ஐயா” என்றார். சரிதான் என்றேன்.

இன்றைக்கும் குணமாகுமா என்றால், மருத்துவமனையில் டாக்டர்களே தலையைச் சொறிந்த ஒன்றிரண்டு குணமாதலைப் பார்த்திருக்கிறேன், உருகி உருகி ஜெபித்தும் போய்ச்சேர்ந்தவர்களை எண்ணிலடங்காமல் பார்த்திருக்கிறேன், இரண்டு பக்கத்திலும் விசுவாசத்தின் அளவில் எனக்கு வித்தியாசம் தெரிந்ததில்லை. பிரான்ஸில் நோய் தீர வேண்டிப் போகும் லூர்து நகருக்கு 1858-இலிருந்து கோடிக்கணக்கானோர் போய்வந்திருக்கிறார்கள், கத்தோலிக்கத் திருச்சபை மருத்துவர்களை வைத்துச் சலித்து இதுவரை புதுமை, அதாவது அற்புதம், என்று ஏற்றவை எழுபது சொச்சம்தான். திரும்பி வந்த மற்றவர்களுக்கெல்லாம் விசுவாசம் குறைவு என்று அந்தத் திருச்சபையும் சொல்லவில்லை.

அத்தைக்கு பிசியோதெரபி நடக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. நான் டாக்டர் இல்லை, ஆனால் யாராவது மாத்திரையை நிறுத்தச் சொல்லியிருந்தால் அதை மட்டும் கேட்காதீர்கள். கத்தோலிக்க பைபிளில் சீராக்கின் ஞானம் 38 இருக்கிறது, வைத்தியரை மதி, அவரைப் படைத்ததும் ஆண்டவர்தான் என்று தொடங்கும், யார் வீட்டிலாவது வாங்கி வாசித்துக் காட்டுங்கள். மறுபடி அவர்களை ஜெபிக்க வரச்சொல்லலாமா என்று கேட்டிருந்தீர்கள். அதை அத்தையிடமே கேளுங்கள், என்ன வேண்டும் என்று. வரட்டும் என்றால் வரட்டும், கை வைத்து ஜெபிக்கட்டும், நீங்களும் பக்கத்தில் உட்காருங்கள். திரும்பவும் விசுவாசம் பத்தலை என்று ஆரம்பித்தால், ஏரோதின் சிறையில் கிடந்த யோவானுக்கு எவ்வளவு பத்தாமல் போச்சு என்று கேட்டுவிட்டுக் காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.